நெட் கெல்லியைத் தேடிப் போக ஒரே ஒரு நாள் இருந்தால்

மெல்போர்னில் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் இரண்டாவது வாரத்தில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. அதற்குள் பெங்குவின் பார்த்தாகிவிடும், கடலோரச் சாலையில் போய் வந்தாகிவிடும். "இரும்பு வாளியைக் கவுத்த மாதிரி தலையில மாட்டிக்கிட்டு ஒருத்தன் எல்லாக் கடையிலயும் நிக்கிறானே, யாரு அவன்? அவனோட இடம் எங்க இருக்கு?" என்று கேட்பார்கள்.

அது நெட் கெல்லி. 1880 நவம்பர் 11-ஆம் தேதி காலை 10 மணிக்கு மெல்போர்ன் சிறையில் தூக்கிலிடப்பட்டவர். வயது 25. காட்டில் பதுங்கிக் கொள்ளையடித்தவர்களை இங்கே புஷ்ரேஞ்சர் என்பார்கள். அந்த வரிசையில் கடைசிக் காலத்து ஆள் இவர். ஆனால் முதலில் நினைவுக்கு வருவதும் இவர்தான்.

கூட்டிப் போகிறேன் என்று சொல்வது சுலபம். எங்கே கூட்டிப் போவது என்பதுதான் சிக்கல். அவர் தூக்கில் தொங்கிய சிறை நகரத்துக்குள் இருக்கிறது. கவசம் போட்டுக்கொண்டு கடைசியாகச் சுட்டுச் சண்டையிட்ட கிளென்ரோவன் 235 கிலோமீட்டர் வடகிழக்கே இருக்கிறது. முதல் விசாரணை நடந்த பீச்வொர்த் அதையும் தாண்டி. அவர் மூன்று போலீஸ்காரர்களைக் கொன்ற ஸ்ட்ரிங்கிபார்க் ஓடை, மான்ஸ்ஃபீல்டுக்கு வடக்கே காட்டுக்குள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பினால் எதையும் பார்க்க மாட்டீர்கள், சாலையைத்தான் பார்ப்பீர்கள். இந்த நான்கு பக்கமும் வேறு வேறு உறவினர்களோடு போய் வந்தவன் என்ற முறையில், யார் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். ஆங்கிலத்தில் கெல்லியைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. 'அவன்' என்பதா, 'அவர்' என்பதா? வாயைத் திறந்த உடனே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். கூட வந்தவர்களைக் கவனித்துப் பார்த்தால், போகிற இடத்துக்கு ஏற்ப இந்தச் சொல் மாறுகிறது. சிறையில் என் சித்தி "பாவம், அந்தப் புள்ள" என்றார். மான்ஸ்ஃபீல்டில் சித்தப்பா "அவன்" என்றார், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரே ஆள்தான். ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுப்பது பெட்ரோல் கணக்கு மட்டுமில்லை. எந்தக் கெல்லியோடு வீட்டுக்குத் திரும்பப் போகிறீர்கள் என்பதும் அதில் இருக்கிறது. நான் இங்கே எல்லோருக்கும் 'அவர்' என்றே எழுதுகிறேன். செத்துப்போனவர்களுக்குள் தரம் பிரிக்க எனக்கு மனமில்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அப்பா அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில் இரண்டு பன்றிகளைத் திருடியதற்காக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட கைதி. அவர் 1866-ல் இறந்துவிட, வீட்டின் மூத்த மகனான நெட் பன்னிரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் பொறுப்பானார். விதவை அம்மா எலன், ஏழைக் குடியானவர்கள், பெரிய நிலச்சுவான்தார்கள், அவர்களுக்குச் சாதகமான போலீஸ், குதிரைத் திருட்டு என்று அந்த வட்டாரத்தின் வாழ்க்கை அப்படி. 1878 ஏப்ரலில் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற கான்ஸ்டபிள் கெல்லி வீட்டுக்குப் போனார். அங்கே என்ன நடந்தது என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. கொலை முயற்சிக்கு உடந்தை என்று எலனுக்கு 3 ஆண்டுக் கடுங்காவல் கிடைத்தது. கையில் பிறந்து சில மாதமே ஆன குழந்தை. தீர்ப்புச் சொன்ன நீதிபதி ரெட்மண்ட் பேரி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஸ்ட்ரிங்கிபார்க் ஓடையில் மூன்று போலீஸ்காரர்கள் செத்தார்கள். பிறகு யூரோவாவிலும் ஜெரில்டெரியிலும் வங்கிக் கொள்ளை. நெட், தம்பி டேன், கூட்டாளிகள் ஜோ பர்ன், ஸ்டீவ் ஹார்ட் என்ற நால்வர் தலைக்கும் சேர்த்து 8,000 பவுண்டு பரிசு. 1880 ஜூனில் கிளென்ரோவன். நவம்பரில் தூக்கு.

கார் இல்லாதவர்கள், வயதானவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள் யோசிக்கவே வேண்டாம். நகரத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள். இதைக் குறைவாக நினைக்கவும் வேண்டாம். கார் வைத்திருப்பவர்களுக்கும், முதல் தடவை என்றால், இதைத்தான் நான் சொல்வேன்.

ஸ்வான்ஸ்டன் தெருவில் விக்டோரியா மாநில நூலகம் இருக்கிறது. முன்னால் புல்தரை, அதில் வெயில் காயும் மாணவர்கள், அவர்களுக்கு மேலே ஒரு சிலை. அந்தச் சிலை நீதிபதி ரெட்மண்ட் பேரியுடையது. 1856-ல் திறந்த இந்த நூலகத்தை உருவாக்கியவர் அவர்தான். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரும் அவரே. கெல்லியின் அம்மாவைச் சிறைக்கு அனுப்பியவர், இரண்டு வருடம் கழித்து மகனைத் தூக்குக்கு அனுப்பியவர். அவருடைய சிலையைத் தாண்டி உள்ளே போனால், அவர் கட்டிய கட்டடத்தில், அவர் கொல்லச் சொன்னவரின் கவசம் இருக்கிறது. யாராவது திட்டமிட்டு வைத்திருந்தால்கூட இப்படி அமைந்திருக்காது.

கவசத்துக்கு முன்னால் அவசரப்படாமல் நில்லுங்கள். படங்களில் பார்க்கும்போது கூர்மையாக, ஏதோ படைவீரன் உடை மாதிரித் தெரியும். நேரில் அது விவசாயக் கருவி. கலப்பையில் மண்ணைப் புரட்டிப் போடுகிற இரும்புத் தகட்டைக் காய்ச்சி, அடித்து, வளைத்துச் செய்தது. சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன். முழுதாகச் சேர்த்தால் 44 கிலோ. தலைக்கவசத்தில் கண்ணுக்கு ஒரு கீறல் அளவுதான் இடைவெளி. அதற்குள்ளிருந்து பக்கவாட்டில் எதுவும் தெரியாது என்பது பார்த்த உடனே புரியும். குண்டு பட்ட இடங்கள் கிண்ணம் மாதிரி உள்வாங்கியிருக்கின்றன. மொத்தம் 18 அடி என்பது கணக்கு. அதிலே பாதி முதுகுத் தகட்டில்தான். எல்லாப் பக்கமும் சூழ்ந்துகொண்டு சுட்டிருக்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லாது. இடுப்புக்குக் கீழே முன்பக்கம் மட்டும் ஒரு தகடு தொங்குகிறது. தொடைக்கும் காலுக்கும் ஒன்றுமே இல்லை. அவரை வீழ்த்தியது அந்த இடைவெளிதான்.

இந்தக் கவசங்களைக் கைதேர்ந்த கொல்லர் செய்தாரா, காட்டுக்குள் தாங்களே செய்துகொண்டார்களா என்று வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தார்கள். 2003-ல் சிட்னியின் லூகாஸ் ஹைட்ஸ் அணு ஆராய்ச்சி நிலையத்தில் கூட்டாளி ஜோ பர்னின் கவசத்தைச் சோதித்தார்கள். சூடு சீராக ஏறவில்லை, முறையான உலையில் காய்ச்சியிருந்தால் இப்படி இருக்காது, காட்டில் மூட்டிய நெருப்பாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அது வலு சேர்த்தது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் சம்மட்டித் தடங்களே வேறு மாதிரித் தெரிகின்றன.

ஜெரில்டெரிக் கடிதமும் இந்த நூலகத்தின் சொத்து. 1879-ல் கெல்லி சொல்லச் சொல்ல ஜோ பர்ன் எழுதியது. ஏறக்குறைய 8,000 சொற்கள். நிறுத்தக்குறி அதிகம் இல்லாமல், மூச்சுவிடாமல் கொட்டித் தீர்க்கிற கோபம். தன் குடும்பத்துக்குப் போலீஸ் செய்த கொடுமை, ஸ்ட்ரிங்கிபார்க் ஓடையில் தற்காப்புக்காகத்தான் சுட்டேன் என்ற வாதம், ஏழைகளுக்கு நியாயம் வேண்டும் என்ற கோரிக்கை, எதிர்ப்பவர்களுக்குப் பயங்கரமான மிரட்டல் எல்லாம் ஒரே மூச்சில். அச்சில் போடச் சொல்லிக் கொடுத்தார். அவர் உயிரோடு இருந்தவரை யாரும் அதை முழுசாக அச்சிடவில்லை. கெல்லியின் பெயர் இன்றுவரை நிற்பதற்குக் கவசம் பாதிக் காரணம் என்றால் மீதிப் பாதி இந்தக் கடிதம் என்று நான் நினைக்கிறேன். அந்தக் காலத்துக் கொள்ளைக்காரர்களில் எத்தனை பேருடைய குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது? நூலகத்துக்குக் கட்டணம் கிடையாது. எந்தப் பொருள் எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும், நுழைவாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் ரஸ்ஸல் தெருவில் பழைய மெல்போர்ன் சிறை. பக்கத்தில் இருக்கிற பழைய நீதிமன்றக் கட்டடம் பிறகு கட்டியது. ஆனால் அது நிற்கிற இடத்தில் இருந்த நீதிமன்றத்தில்தான் 1880 அக்டோபர் 28, 29 தேதிகளில் கெல்லி மீதான வழக்கு நடந்தது. இரண்டே நாள். அனுபவமில்லாத வழக்கறிஞர். ஜூரிக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது. பேரி தூக்குத் தண்டனையை அறிவித்து, ஆண்டவன் உன் ஆன்மாவுக்கு இரங்கட்டும் என்று முடித்தபோது, நான் போகும் இடத்தில் உங்களைச் சந்திக்கிறேன் என்று கெல்லி பதில் சொன்னார். தூக்கிலிட்ட பன்னிரண்டாம் நாள், நவம்பர் 23-ல், பேரி நோயில் இறந்தார்.

சிறை கருங்கல் கட்டடம். மூன்று தளம், நடுவில் நீண்ட கூடம், இரண்டு பக்கமும் அறைகள், மாடி நடைபாதையில் தூக்கு மரம். 1842 முதல் 1929 வரை 130 பேருக்கு மேல் இங்கே உயிர் விட்டார்கள். கெல்லியைக் காப்பாற்ற 30,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனு அரசுக்குப் போனது. பலனில்லை. அந்த நாளில் எலன் கெல்லியும் இதே சிறையில் தண்டனைக் கைதி. முந்தின நாள் மகனைப் பார்க்க விட்டார்கள். "கெல்லியாகவே சாவு" என்று மகனிடம் சொன்னதாகச் சொல்வார்கள். சித்தி அந்த இடத்தில்தான் உட்கார்ந்துவிட்டார். குற்றம், நியாயம் எதுவும் அப்போது அவருக்கு முக்கியமில்லை. மகன் தொங்குகிற கட்டடத்திலேயே அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எலன் அதன் பிறகும் நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்து 1923-ல் கண்மூடினார்.

கடைசி வார்த்தை "இவ்வளவுதான் வாழ்க்கை" என்று சட்டையிலும் கோப்பையிலும் அச்சடித்து விற்கிறார்கள். அன்று அங்கே இருந்த நிருபர்கள் ஒரே மாதிரி எழுதவில்லை. இப்படி ஆகும் என்று தெரியும் என்ற பொருளில் முணுமுணுத்ததாக எழுதியவர்களும் உண்டு. தலைமுடியையும் தாடியையும் மழித்து, முகத்தில் சாந்து பூசி எடுத்த அச்சு சிறையில் இருக்கிறது. தாடியோடு பார்த்துப் பழகிய முகம் அதில் திடீரென்று சின்னப் பையன் முகமாகிவிடுகிறது. உதடு லேசாகத் திறந்திருக்கும். நான் நான்கைந்து தடவை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் வயதுதான் நெஞ்சில் அடிக்கிறது.

உடலின் கதை தனி. சிறை வளாகத்திலேயே புதைத்தார்கள். 1929-ல் சிறையின் ஒரு பகுதியை இடித்தபோது கல்லறைகள் கலைந்து, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எலும்புகளை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மிச்சம் பென்ட்ரிட்ஜ் சிறைக்குப் போனது. கெல்லியுடையது என்று இங்கே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்த மண்டையோடு 1978 டிசம்பரில் திருடு போனது. 2009-ல் ஒருவர் அதைத் திருப்பிக் கொடுத்தார். மரபணுச் சோதனையில் அது கெல்லியே இல்லை என்று தெரிந்தது. ஆனால் பென்ட்ரிட்ஜில் தோண்டி எடுத்த ஓர் எலும்புக்கூடு அவருடையது என்று 2011-ல் உறுதியானது. கிளென்ரோவனில் பட்ட காயங்கள் எலும்பில் அப்படியே இருந்தன. மண்டையோட்டின் பெரும்பகுதி மட்டும் இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆக, நகரத்தில் அரை நாளில் கவசம், கடிதம், நீதிபதி, தூக்கு, முக அச்சு எல்லாம் கிடைத்துவிடுகின்றன. குறை என்னவென்றால், எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கும். எந்த மண்ணிலிருந்து அந்தக் கோபம் வந்தது என்று இங்கே தெரியாது. இன்னொன்று, சிறையில் பராமரிப்பு வேலைக்காகச் சில சமயம் மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது கிளென்ரோவன். இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள், காரணம் 6 மீட்டர் உயரச் சிலை. ஹியூம் நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம். ரயிலில் போகலாமா என்றால், அல்பரி ரயில் கிளென்ரோவனைக் கடந்துதான் போகிறது, நிற்பதில்லை. பெனல்லாவிலோ வாங்கரட்டாவிலோ இறங்கித்தான் வர வேண்டும்.

சிலையில் படம் எடுத்துக்கொண்டு, பொம்மை வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் அநேகம். அதற்கு 235 கிலோமீட்டர் தேவையில்லை. பார்க்க வேண்டியது ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற வெறும் புல்வெளி. ஆன் ஜோன்ஸ் என்ற பெண் நடத்திய விடுதி அங்கே இருந்தது. 1880 ஜூன் 27 ஞாயிற்றுக்கிழமை கெல்லி கும்பல் ஊரில் 60 பேருக்கு மேல் பிடித்து அந்த விடுதிக்குள் வைத்தது. முந்தின இரவு பீச்வொர்த் பக்கத்தில் ஆரன் ஷெரிட் என்ற பழைய நண்பரை, போலீஸுக்கு உளவு சொன்னார் என்று ஜோ பர்ன் சுட்டுக் கொன்றிருந்தார். அந்தச் செய்தி கேட்டு மெல்போர்னிலிருந்து போலீஸ் சிறப்பு ரயில் வரும், அது கிளென்ரோவனைத் தாண்டியதும் கவிழ வேண்டும் என்பது திட்டம்.

என் சித்தப்பா ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து கேங்மேட்டாக ஓய்வு பெற்றவர். சிலையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாலத்தின் மேல் ஏறி நின்று, தண்டவாளம் வடகிழக்கே போய் மறையும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவங்களாவே கழட்டினாங்களா?" என்று கேட்டார். இல்லை சித்தப்பா, முயற்சி பண்ணிப் பார்த்து முடியாமல், லைன் வேலை செய்கிறவர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, துப்பாக்கி முனையில் கழட்ட வைத்தார்கள் என்றேன். "அதானே. நம்ம ஆளுங்க கை படாம அது வராதுப்பா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ராத்திரி அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? வர்ற வண்டி கவுரும்னு தெரிஞ்சே ஃபிஷ் பிளேட்டைக் கழட்டணும்" என்றார். கெல்லி கதையை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தத் தொழிலாளிகளின் பக்கம் நின்று யோசித்தது அவர் ஒருவர்தான்.

வண்டி கவிழவில்லை. பள்ளி ஆசிரியர் தாமஸ் கர்னோ, மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கெல்லியிடமே விடைபெற்றுப் போனவர், சிவப்புச் சால்வைக்குப் பின்னால் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தில் நின்று ரயிலை நிறுத்தினார். திங்கள் விடியுமுன் முற்றுகை தொடங்கியது. பலகைச் சுவர் விடுதி, உள்ளே குழந்தைகள் உட்பட பணயக் கைதிகள், வெளியிலிருந்து சரமாரியாகத் துப்பாக்கிச் சூடு. ஆன் ஜோன்ஸின் 13 வயது மகன் ஜான் செத்தான். மார்ட்டின் செர்ரி என்ற முதியவர் செத்தார். ஜோ பர்ன் உள்ளேயே விழுந்தார். முதல் சண்டையிலேயே காயம்பட்டு வெளியே புதருக்குள் கிடந்த நெட், விடியற்காலைப் பனிமூட்டத்தில், தப்பிப் போகாமல், கவசத்தோடு விடுதியை நோக்கித் திரும்பி நடந்து வந்தார். குண்டு பட்டும் விழாத அந்த உருவத்தைப் பேய் என்று நினைத்தார்கள் போலீஸ்காரர்கள். அரை மணி நேரம் போல நீடித்து, காலில் சுட்ட பிறகுதான் விழுந்தார். பிற்பகலில் விடுதிக்குத் தீ வைத்தார்கள். தம்பி டேன் கெல்லியும் ஸ்டீவ் ஹார்ட்டும் உள்ளே பிணமாகக் கருகினார்கள். எரிகிற விடுதிக்குள் முதலில் நுழைந்தவர் கிப்னி என்ற பாதிரியார்.

அந்தப் புல்வெளியில் இருந்து பார்த்தால் இதெல்லாம் எவ்வளவு சின்ன இடத்துக்குள் நடந்தது என்று தெரியும். நிலையம் அதோ, புதர் இருந்த மேடு இதோ. கத்தினால் கேட்கிற தூரம். இதை எந்த அருங்காட்சியகமும் தராது. ஆனால் கதை தெரியாமல் போனால் அங்கே புல் மட்டும்தான். குழந்தைகளோடு போனால் முந்தின நாள் இரவே கதையைச் சொல்லிவிடுங்கள்.

கிளென்ரோவன் போகிறவர்கள் வழியில் பெனல்லாவில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவெனல் ஊரில் ஓடையில் மூழ்கிய ரிச்சர்ட் ஷெல்டன் என்ற சிறுவனைப் பத்து வயது போல இருந்த நெட் காப்பாற்றினார். நன்றிக்கு அந்தக் குடும்பம் தங்கச் சரிகைக் குஞ்சம் வைத்த பச்சைப் பட்டுக் கச்சை ஒன்றைக் கொடுத்தது. பதினைந்து வருடம் கழித்து, கிளென்ரோவனில், கவசத்துக்கு உள்ளே அவர் அதைத்தான் கட்டியிருந்தார். காயத்துக்கு மருத்துவம் பார்த்த டாக்டர் கழற்றி எடுத்தார். ரத்தக் கறையோடு பெனல்லா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாழ்க்கையில் தனக்குக் கிடைத்த ஒரே பாராட்டைச் சாகப் போகிற நாளில் எடுத்துக் கட்டிக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதே ஊரில்தான் ஜோ பர்னின் பிணத்தைக் காவல் நிலையக் கதவில் கயிற்றால் கட்டி நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

பீச்வொர்த்தைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அழகான ஊர், தங்கச் சுரங்க காலத்துக் கல் கட்டடங்கள், நல்ல சாப்பாடு. 1880 ஆகஸ்டில் கெல்லியின் முதல் விசாரணை நடந்த நீதிமன்றம் அப்படியே இருக்கிறது. உள்ளூர் ஜூரி இரக்கப்பட்டுவிடும் என்று பயந்துதான் வழக்கை மெல்போர்னுக்கு மாற்றினார்கள். கெல்லியில் ஆர்வமில்லாதவர்கள் கூட வந்தால் பீச்வொர்த் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அவருடைய முடிவைத் தேடி ஒரே ஒரு நாள் இருக்கிறவர் இதற்காக இன்னும் ஐம்பது கிலோமீட்டர் போக வேண்டியதில்லை. இரவு தங்குவதற்கு நல்ல இடம், அவ்வளவுதான்.

மான்ஸ்ஃபீல்டுதான் யாரும் கேட்காத இடம். நான் வற்புறுத்துகிற இடமும் அதுதான்.

ஊர் நடுவே, சாலைகள் சந்திக்கும் வட்டத்தில் ஒரு வெள்ளைப் பளிங்கு நினைவுத் தூண். சார்ஜெண்ட் மைக்கேல் கென்னடி, கான்ஸ்டபிள்கள் தாமஸ் லோனிகன், மைக்கேல் ஸ்கேன்லன். கெல்லி தூக்கில் தொங்கிய அதே 1880-ல் மக்கள் பணத்தில் எழுப்பியது. மூவரின் கல்லறையும் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. மூவரும் அயர்லாந்தில் பிறந்தவர்கள். கெல்லி யாருடைய பெயரால் நியாயம் கேட்டாரோ அந்த ஏழை ஐரிஷ் ஜனங்களில் இவர்களும் சேர்த்திதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கதை முன்பு போல லேசாக இருக்காது.

அங்கிருந்து காட்டுப் பாதையில் போனால் ஸ்ட்ரிங்கிபார்க் ஓடை. 1878 அக்டோபர் 26. கெல்லி சகோதரர்களைத் தேடி வந்த நான்கு போலீஸ்காரர்கள் இங்கே கூடாரம் போட்டார்கள். இருவர் ரோந்து போக, மிச்சமிருந்த இருவரைக் கும்பல் சுற்றிக்கொண்டது. லோனிகன் முதலில் விழுந்தார். திரும்பி வந்த ஸ்கேன்லன் அடுத்து. கென்னடி மரம் மரமாக மறைந்து சுட்டுக்கொண்டே தூரமாக ஓடி, கடைசியில் விழுந்தார். நான்காவது ஆள் மக்கின்டயர், கென்னடியின் குதிரையில் ஏறித் தப்பி, வாம்பட் என்ற விலங்கு தோண்டிய வளைக்குள் ஒளிந்துகொண்டு, நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார், தான் செத்தாலும் அது கிடைக்கட்டும் என்று. கென்னடியின் கடிகாரத்தைக் கெல்லி எடுத்துக்கொண்டார்.

போலீஸ்காரர்களை மையமாக வைத்து அந்த இடத்தைச் சில வருடங்களுக்கு முன் மாற்றி அமைத்தார்கள். உயரமான மரங்கள், பட்டை உரிந்து நார் நாராகத் தொங்கும். சத்தமே இல்லை. சித்தப்பா பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்போதுதான் "அவன்" என்றார்.

பாதையில் ஒரு பகுதி மண் சாலை. கைப்பேசி எடுக்கும் என்று நம்ப வேண்டாம். கோடையில் காட்டுத்தீ எச்சரிக்கை இருந்தால் போகவே கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு அங்கே பார்க்க எதுவும் இல்லை.

சரி, முடிவுக்கு வருவோம். ஒரே நாள், கார் இல்லை என்றால் நகரம். முதலில் நூலகம், அப்புறம் சிறை. இந்த வரிசையை மாற்றாதீர்கள், முக அச்சைப் பார்த்துவிட்டுக் கவசத்தைப் பார்க்கப் போனால் அது வெறும் இரும்பாகிவிடும். ஒரே நாள், கார் உண்டு, நகரத்தை ஏற்கெனவே பார்த்தாயிற்று என்றால் பெனல்லாவும் கிளென்ரோவனும். இரண்டு நாள் கிடைத்தால் முதல் நாள் மான்ஸ்ஃபீல்டு, ஓடை, இரவு பெனல்லாவில், மறுநாள் கிளென்ரோவன். கெல்லி மாவீரர் என்று ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டவர்கள், ஒரு நாள்தான் இருந்தாலும், நேராக மான்ஸ்ஃபீல்டுக்கே போகட்டும். வெறும் திருடன் என்று முடிவு கட்டியவர்கள் நூலகத்துக்குப் போய் அந்தக் கடிதத்தைப் படிக்கட்டும். அந்தக் கோபம் காரணமில்லாமல் வந்ததில்லை. அடுத்த வருடமே அரசு விசாரணை ஆணையம் வைத்துப் போலீஸ் துறையைத் துருவியது, மேலதிகாரிகள் பலரைக் கடுமையாகக் கண்டித்தது.

கிரேட்டாவைப் பற்றியும் கேட்பார்கள். 2013 ஜனவரி 18-ல் வாங்கரட்டா தேவாலயத்தில் பூசை வைத்து, 20-ஆம் தேதி கிரேட்டா கல்லறைத் தோட்டத்தில், அம்மா எலன் கிடக்கிற மண்ணிலேயே, நெட் கெல்லியின் எலும்புகளைப் புதைத்தார்கள். தூக்குக்குப் பிறகு 132 வருடம். கல்லறைக்கு அடையாளம் எதுவும் வைக்கவில்லை. மறுபடியும் யாரும் தோண்டிவிடக் கூடாது என்று கான்கிரீட் போட்டு மூடினார்கள். கிளென்ரோவனிலிருந்து கால் மணி நேரத்தில் போய்விடலாம். நான் அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

சித்தப்பாவோடு திரும்பும்போது கிரேட்டாவுக்கு வழி காட்டும் பலகை வந்தது. அம்பைக் காட்டி, "அங்கதானே?" என்றார். ஆமாம் சித்தப்பா, ஆனால் எந்த இடம் என்று தெரியாதபடி குடும்பத்தார் வைத்திருக்கிறார்கள் என்றேன்.

"அப்ப வேணாம்ப்பா. நீ நேராப் போ" என்றார்.